ஏரிக்கரையில் நிற்பது புல்லா, கோரையா? மூன்று விரலை வைத்தே கண்டுபிடிக்கலாம்! தூர்வாரும்போது இது ஏன் முக்கியம்?

கோடை வந்தாலே ஊர் ஊராக ஏரி, குளம் தூர்வாரும் வேலை தொடங்கிடும். பொக்லைன் இறங்கும். இளைஞர்கள் கூடுவாங்க. ரெண்டே நாளில் கரையெல்லாம் வழித்து எடுத்து, குளம் 'பளிச்'சென்று ஆகிடும். சமூக வலைதளத்தில் முன்பு, பின்பு என ரெண்டு படம் போட்டு பாராட்டும் வாங்கிடலாம்.

நல்ல வேலைதான். சந்தேகமே இல்லை. ஆனா அந்த 'முன்பு' படத்தில் கரையோரம் பச்சையாக நின்றதே, அது என்னன்னு யாராவது பார்த்தாங்களா? ஆகாயத்தாமரையும் அங்கேதான் இருந்திருக்கும். நம்ம ஊர் கோரையும் அங்கேதான் இருந்திருக்கும். முதலாவது வெளியிலிருந்து வந்து குளத்தை மூடிய செடி. இரண்டாவது அந்தக் குளத்தின் கரையைப் பிடித்து வைத்திருந்த செடி. ரெண்டையும் ஒரே வாளியில் அள்ளிக் கொட்டினால் என்ன ஆகும்?

அதைத் தெரிந்துகொள்ள முதலில் கோரையை அடையாளம் காணத் தெரியணும். அது ஒன்றும் கஷ்டமில்லை. வாங்க, பார்க்கலாம்.

கோரை என்பது புல் இல்லையா?

இல்லை. 'கோரைப்புல்' என்று நாம் சொன்னாலும், தாவரவியல்படி கோரை தனிக் குடும்பம். நெல், கரும்பு, மூங்கில், அருகம்புல் எல்லாம் புல் குடும்பம். கோரையின் குடும்பத்துக்கு 'சைபரேசி' என்று பெயர். உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தில் 5,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கு.

இந்தக் குடும்பத்தில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் உண்டு. பழைய எகிப்தியர்கள் எழுதப் பயன்படுத்திய பாப்பிரஸ் ஒரு கோரைதான். நலங்கு மாவில் போடும் கோரைக்கிழங்கு இன்னொன்று. பத்தமடைப் பாய் நெய்யும் கோரை மூன்றாவது. நெல் வயலில் விவசாயியைப் பாடாய்ப்படுத்தும் களைக்கோரைகளும் இதே குடும்பம்தான்.

பாய்க்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று. ஒரே குடும்பத்தில் எல்லாம் இருக்கு!

அடையாளம் காண்பது எப்படி? 5 சோதனைகள்

1. உருட்டிப் பாருங்கள்

பூக்கொத்து வரும் தண்டைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் நடுவே வைத்து உருட்டுங்கள். புல்லாக இருந்தால் பென்சில் குச்சி மாதிரி வழுவழுவென உருளும். கோரையாக இருந்தால் உருளாது, தட்டும். காரணம், பெரும்பாலான கோரைகளின் தண்டு முக்கோண வடிவம். மூன்று விளிம்பு விரலில் தெரியும்.

2. கணு இருக்கிறதா?

கரும்பிலும் மூங்கிலிலும் பார்ப்பீங்களே, அந்தக் கணு. புல் குடும்பத்தின் அடையாளமே அதுதான். கணுவுக்குக் கணு நடுவே தண்டு பெரும்பாலும் உள்ளீடற்று இருக்கும். கோரைத் தண்டில் கணு தெரியாது. அடியிலிருந்து பூக்கொத்து வரை ஒரே நீட்டம். குறுக்கே வெட்டினால் உள்ளே வெள்ளையாக, தக்கை மாதிரி மென்மையான பகுதி நிறைந்திருக்கும். கணு இல்லாததால்தான் பாய்க் கோரையை மேலிருந்து கீழ்வரை நீளமாகக் கீற முடிகிறது.

3. மேலிருந்து பாருங்கள்

செடிக்கு நேர் மேலே நின்று குனிந்து பாருங்கள். புல்லில் இலைகள் எதிரெதிராக ரெண்டு பக்கம் விரியும். கோரையில் மூன்று பக்கம். வீட்டு மின்விசிறியின் மூன்று இறக்கையை நினைத்துக்கொண்டால் போதும்.

4. இலையின் அடியை உரித்துப் பாருங்கள்

இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றி உறை போல இருக்கும். புல்லில் பெரும்பாலும் அந்த உறை ஒரு பக்கம் திறந்திருக்கும். கரும்புத் தோகையை உரிப்பது போல சுலபமாகக் கழன்று வரும். கோரையில் உறை மூடிய குழாய். கிழித்தால்தான் வரும்.

5. தலையைப் பாருங்கள்

பல கோரைகளின் உச்சியில் குடைக்கம்பிகள் போல சில இலைகள் விரிந்திருக்கும். அதன் நடுவில் பழுப்பு, செம்பழுப்பு அல்லது மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கதிர்கள். இதழ், நிறம், மணம் எதையும் எதிர்பார்க்காதீங்க. பெரும்பாலும் காற்றிலேயே மகரந்தம் பரவுவதால் பூச்சியைக் கவரும் அலங்காரம் இதற்குத் தேவையில்லை.

இந்த ஐந்தில் நான்கு பொருந்தினால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் கோரைதான்.

கவனம்! விதிவிலக்கும் உண்டு

எல்லாக் கோரையும் முக்கோணம் இல்லை. குளங்களில் வளரும் சில இனங்களுக்குத் தண்டு உருண்டையாக இருக்கும், இலையே இல்லாத மாதிரி தெரியும். சிலவற்றில் தண்டின் நுனியில் ஒரே ஒரு கதிர், தீக்குச்சித் தலை போல நிற்கும். இன்னும் சிலவற்றில் பூக்கொத்து உச்சியில் இல்லாமல் தண்டின் பக்கவாட்டில் முளைத்தது போல இருக்கும். இவையும் கோரைக் குடும்பம்தான். அதனால் உருட்டிப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பி 'இது கோரை இல்லை' என்று முடிவு கட்ட வேண்டாம்.

கோரை மாதிரியே இருக்கும், ஆனா கோரை இல்லை!

நீர்நிலையோரம் நம்மைக் குழப்பும் சில செடிகள் இருக்கு.

சம்பு: ஆள் உயரம் வளரும். பட்டையான நீண்ட இலை. உச்சியில் பழுப்பு நிறத்தில் ஊதுபத்திக் கட்டு போல தடித்த கதிர். பார்த்ததுமே தெரிந்துவிடும். இது தனிக் குடும்பம்.

நாணல்: புல் குடும்பம். தண்டில் கணு தெளிவாக இருக்கும். உச்சியில் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ பஞ்சு போன்ற பூங்கொத்து காற்றில் ஆடும்.

வெட்டிவேர்: இதுவும் புல். தூர் தூராக வளரும். வேரை முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

குடைச்செடி: நர்சரியில் தொட்டியில் விற்கும் அழகுச்செடி. தண்டின் உச்சியில் இலைகள் குடை போல வட்டமாக விரிந்திருக்கும். இது உண்மையிலேயே கோரைக் குடும்பம்தான். ஆனா ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தது, நம்ம ஊர்ச் செடி இல்லை. வீட்டுத் தோட்டத்திலிருந்து தப்பி வாய்க்கால் ஓரம் வளர்ந்திருந்தால், அதை நாட்டுக் கோரை என்று நினைத்துவிடக்கூடாது.

நம்ம ஊரில் அதிகம் பார்க்கக்கூடிய கோரைகள்

பாய்க்கோரை: அறிவியல் பெயர் சைபரஸ் பங்கோரேய். ஆற்றோரம், வாய்க்கால் ஓரம், நீர் தேங்கும் தாழ்வான இடங்களில் கூட்டமாக வளரும். ஒரு மீட்டரைத் தாண்டும் நீண்ட பச்சைத் தண்டு. அடியில் இலை என்று பெரிதாக எதுவும் இருக்காது, உறைதான் இருக்கும். தண்டுதான் இதன் சொத்து.

கோரைக்கிழங்குக் கோரை: சைபரஸ் ரோட்டண்டஸ். முத்தக்காசு என்றும் சொல்வாங்க. கரும்பச்சை இலை, செம்பழுப்புக் கதிர். மண்ணைத் தோண்டினால் ஜெபமாலை மாதிரி வேரில் கிழங்குகள் கோத்திருக்கும், நல்ல வாசம் வரும். ஈர நிலம் மட்டுமில்லை, வயல், தோட்டம், வீட்டு வாசல் என எங்கும் வளரும். உலகின் மிக மோசமான களைகள் பட்டியலில் முதலிடம் கொடுக்கப்பட்ட செடி இது.

வட்டக்கோரை: சைபரஸ் டிஃபார்மிஸ். நெல் வயலில் வரும். பூக்கதிர்கள் சேர்ந்து சின்ன உருண்டை உருண்டையாக இருக்கும்.

ஊசிக்கோரை: சைபரஸ் ஐரியா. இதுவும் நெல் வயல் களை. பூக்கொத்து மஞ்சள் சாயலில் கிளை கிளையாக விரிந்திருக்கும்.

விவசாயிகளுக்கு ஒரு விஷயம். கோரை புல் குடும்பம் இல்லை என்பது வெறும் பாடப்புத்தகத் தகவல் இல்லை. புல்வகைக் களைகளுக்கென்றே உள்ள களைக்கொல்லிகள் பல கோரையிடம் வேலை செய்யாது. 'மருந்து அடிச்சும் போகலையே' என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம். அதேபோல கோரைக்கிழங்கை மேலாகப் பிடுங்கினால் பயனில்லை. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மறுபடி முளைக்கும். எந்த மருந்து என்பதை முடிவு செய்யும் முன், வயலில் இருப்பது எந்தக் கோரை என்று வேளாண் அலுவலரிடம் செடியோடு போய்க் காட்டுங்கள்.

கோரைக்கு எந்த இடம் பிடிக்கும்?

செடியைப் பார்ப்பது பாதி வேலைதான். அது நிற்கும் இடத்தைப் பார்ப்பது மீதி வேலை.

ஒரு ஏரியை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஆழம். அங்கே அல்லி, தாமரை, நீருக்குள்ளேயே வளரும் பாசிகள். கரைக்கு மேலே காய்ந்த மண். அங்கே மரம், புதர். இந்த ரெண்டுக்கும் நடுவே ஒரு பட்டை இருக்கும். மழைக்காலத்தில் தண்ணீரில் மூழ்கும், கோடையில் சேறாகி அப்புறம் வெடிக்கும். ஏறி இறங்கும் தண்ணீர் உள்ள அந்தப் பட்டைதான் நீர்க்கோரைகளின் வீடு.

அங்கே வாழ்வது சுலபம் இல்லை. நீர் தேங்கிய சேற்றுக்குள் காற்று கிடையாது. சாதாரணச் செடியின் வேர் மூச்சுத் திணறி அழுகிடும். கோரை எப்படித் தாக்குப்பிடிக்குது? அதன் தண்டுக்குள் காற்றறைகள் நிறைந்த பஞ்சு போன்ற திசு இருக்கு. மேலே வாங்கும் காற்றை அது வேர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். தண்டை வெட்டினால் தக்கை போல் தெரிவதற்கும் இதுதான் காரணம்.

மண்ணுக்கு அடியில் கோரையின் தண்டுகள் கிடைமட்டமாக ஓடி, ஒன்றோடொன்று பின்னி, பாய் விரித்தது போல் ஆகிடும். அலை வந்து அடித்தாலும் கரை மண் கரையாமல் இருக்க இந்தப் பின்னல் உதவும். மழை வெள்ளத்தோடு ஓடி வரும் வண்டலும் இதில் கொஞ்சம் வடிந்து நின்றுவிடும்.

திருச்சியிலும் திருவாரூர்ப் பக்கமும் 'கோரையாறு' என்ற பெயரில் ஆறுகள் ஓடுவதைக் கவனிச்சிருப்பீங்க. ஆற்றுக்கும் கோரைக்கும் உள்ள உறவு ஊர்ப் பெயர் அளவுக்குப் பழசு.

கோரை போனால் யாருக்கு நஷ்டம்?

முதலில் பறவைகளுக்கு. நீலத் தாழைக்கோழி இந்த மாதிரி நீர்ச்செடிகளின் இளந்தண்டைத் தின்னும், அந்த மறைவிலேயே கூடும் கட்டும். முக்குளிப்பானுக்கும் மறைவு வேணும். விரால் மீன் முட்டையிடுவது செடிகள் அடர்ந்த ஆழமில்லாத ஓரத்தில்தான். தண்ணீருக்குள் வளரும் தட்டான் குஞ்சு, சிறகு முளைத்து வெளியே வர ஏறிப் பிடிப்பது இந்தத் தண்டுகளைத்தான். கரையை வழித்து கான்கிரீட் போட்டால் இவ்வளவு பேருக்கும் வீடு போகும்.

ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்துக்கு ஒரு காலத்தில் சைபீரியக் கொக்குகள் வந்தன. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து அவை சேற்றைக் கிளறித் தேடியது என்ன தெரியுமா? கோரைக்கிழங்குகளை! நாம் களை என்று சபிக்கும் அதே கிழங்கு. 2002-க்குப் பிறகு அந்தக் கொக்குகள் அங்கே வரவில்லை. வலசைப் பாதையில் நடந்த வேட்டை உட்பட அதற்குக் காரணங்கள் பல. ஆனா பரத்பூர் நமக்கு இன்னொரு பாடமும் சொல்லுது.

1982-ல் தேசியப் பூங்காவாக ஆனபோது அங்கே எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. நல்ல எண்ணம்தான். ஆனா எருமைகள் மேயாததால் ஒருவகைப் புல் மளமளவெனப் பெருகி நீர்ப்பரப்பை அடைத்துவிட்டது என்பதைப் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. பறவைகளுக்குத் தேவையான திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. ஆக, எல்லாவற்றையும் வழித்து எடுப்பதும் தப்பு. எதையும் தொடாமல் விடுவதும் எப்போதும் சரியில்லை. எது என்ன செடி என்று தெரிந்து, அளவாகக் கை வைப்பதுதான் வழி.

அடுத்த நஷ்டம் மனிதர்களுக்கு. திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் நெய்யும் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கு. தாமிரபரணி ஓரம் வளர்ந்த கோரையை அறுத்து, கீறி, காய வைத்து, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊற வைத்து, மறுபடி உலர்த்தி, நூல் போல மெலிதாக்கி நெய்வாங்க. நயமான 'பட்டுப் பாய்' துணி மாதிரி மடியும். நெசவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

காவிரிக் கரையில் கரூர், நாமக்கல், திருச்சி மாவட்டங்களில் கோரை ஒரு பயிராகவே சாகுபடி ஆகுது. ஒருமுறை நட்டால் அடித்தண்டிலிருந்து மறுபடி மறுபடி துளிர்ப்பதால் பல வருஷம் அறுக்கலாம்.

ஆனா ஆறோரத்தில் தானாக வளரும் கோரைக்கு இன்று பல பக்கமும் நெருக்கடி. மணல் அள்ளினால் அது நிற்கும் சேறே போகும். சாக்கடை கலந்தால் ஆகாயத்தாமரை பெருகும். பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு கோரைப் பாய்க்குச் சந்தையும் சுருங்கிடுச்சு. அறுக்க ஆள் இல்லாத, தேவை இல்லாத செடியைக் காக்க யார் மெனக்கெடுவாங்க?

தூர்வாரும்போது என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் ராம்சர் அங்கீகாரம் பெற்ற ஈரநிலங்கள் 20 இருக்கு. சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆனா நம் ஊர்க் குளத்துக்கு அப்படி எந்தப் பட்டமும் கிடையாது. அதைக் காப்பது ஊர்க்காரங்க கையில்தான் இருக்கு.

அகற்ற வேண்டியவை: ஆகாயத்தாமரை, நெய்வேலி காட்டாமணக்கு, சீமைக் கருவேலம். மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. கூடவே பிளாஸ்டிக், கட்டடக் கழிவு.

விட்டு வைக்க வேண்டியவை: கரையோரக் கோரை. முழுக்க விட முடியாவிட்டால், குளத்தைச் சுற்றி அங்கங்கே திட்டுத் திட்டாகவாவது விடுங்கள். அதிலிருந்து அது மறுபடி பரவிக்கொள்ளும்.

சரிவு முக்கியம்: கரையைச் சுவர் போல செங்குத்தாக வெட்டினால், முன்னே சொன்ன அந்த ஏறி இறங்கும் பட்டையே இருக்காது. சாய்வாக விட்டால்தான் கோரைக்கு இடம்.

நேரமும் முக்கியம்: கூடும் குஞ்சும் இருக்கும் சமயத்தில் செடியில் கை வைக்க வேண்டாம். வேலைக்கு முன் ஒருநாள் காலையில் போய்ப் பறவைகளைக் கவனியுங்கள்.

மதகு, கலங்கு, வரத்து வாய்க்கால்: இந்த இடங்களில் கோரை அடைத்துக்கொண்டிருந்தால் அகற்றத்தான் வேணும். அதில் தயக்கம் வேண்டாம். தண்ணீர் வந்தால்தானே குளம்!

போனில் படம் எடுக்கிறீங்களா? இதை மறக்காதீங்க

தூரத்திலிருந்து பச்சையாக ஒரு படம் எடுத்து அனுப்பினால் நிபுணராலும் பெயர் சொல்ல முடியாது. ஐந்து படம் எடுங்கள். முழுச் செடி, பூக்கொத்து மிக அருகில், வெட்டிய தண்டின் குறுக்குவெட்டு, அடிப்பகுதி, செடி நிற்கும் இடம். அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். தண்ணீரில் நிற்கிறதா, சேற்றிலா, காய்ந்த கரையிலா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் பதிவேற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்ல உதவுவாங்க. பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையிலும் கேட்கலாம். பூ இல்லாத கோரையை இனம் வரை சொல்வது அவங்களுக்கே சிரமம் என்பதால், பூத்த செடியாகப் பாருங்கள்.

சரணாலயம், காப்புக்காட்டுப் பகுதியில் செடியைப் பறிக்காதீங்க. சேறு ஆழம் தெரியாமல் இறங்காதீங்க. கோரைப் புதரில் பாம்பு இருக்கலாம், கையை விடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள்.

அடுத்த முறை ஏரிக்கரைப் பக்கம் போனால் ஒரு தண்டை எடுத்து மூன்று விரலில் உருட்டிப் பாருங்கள். தட்டினால், அது உங்கள் குளத்தின் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் கோரையாக இருக்கலாம். பொக்லைன் ஓட்டும் அண்ணனிடம் 'இந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுடுங்க' என்று சொல்ல அது ஒன்றே போதும்.